எல்லை தாண்டினால் தீராது ஜீவனாம்சம்

(கொள்ளேகாலில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொள்ளேகால் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் சொல்லிப் பாருங்கள். நாம் இழுக்கிற பட்டு நூல் யாருக்கும் நினைவுக்கு வராது. நாம் உடைக்கிற கருங்கல்லும் நினைவுக்கு வராது. "மந்திரவாதி ஊரா?" என்றுதான் கேட்பார்கள். ஓடிப்போன புருஷனைத் திருப்பிக் கொண்டுவர வசியம் வைக்கவேண்டும் என்று மேட்டூர்ப் பக்கமிருந்தும் அந்தியூர்ப் பக்கமிருந்தும் வந்து இறங்கி, நம்மிடமே வழி கேட்ட பெண்கள் உண்டு. முந்தானையில் முடிந்த பணத்தோடு வந்தார்கள். எலுமிச்சம்பழத்தோடும் தகட்டோடும் திரும்பினார்கள். எந்தப் புருஷனும் திரும்பியதாக நமக்குத் தகவல் இல்லை.

அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்குக் கிடையாது. ஏனென்றால் நம் சங்கக் கொட்டகையிலேயே நாம் ஒரு தகடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதைப் பற்றிப் பேசாமல் ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசினால் இந்தப் பேச்சுக்கு மரியாதை இல்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்தாள். புருஷன் கல்குவாரியில் வேலை. இங்கே வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். ஊருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சங்கத்துப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தோம். இரவு பத்து மணிவரை பேசினோம். பதினைந்தாயிரம் ரூபாயும், சீர் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களும் கொடுப்பது; இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை; பிற்காலத்தில் ஜீவனாம்சம் கேட்பதில்லை. இப்படி முத்திரைத்தாளில் எழுதி, அவள் கைநாட்டை வாங்கினோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்தான். கோர்ட்டு, கச்சேரி என்று அலையாமல் ஒரே ராத்திரியில் தீர்த்துவைத்தோம் என்று பெருமை வேறு.

அந்தப் பதினைந்தாயிரம் எத்தனை நாள் வந்திருக்கும் என்று வீட்டுச் செலவு பார்க்கும் தாய்மார்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்களில் ஒருவர்கூட அன்று கேட்கவில்லை.

நம் குடும்பங்களில் தாம்பத்தியம் பெரும்பாலும் கோர்ட்டில் முறிவதில்லை. பஸ் ஸ்டாண்டில் முறிகிறது. அவன் இந்தப் பக்கம் பஸ் ஏறுகிறான், அல்லது அவளை அந்தப் பக்கம் பஸ் ஏற்றிவிடுகிறான். நடுவே ஒரு மாநில எல்லை வந்துவிடுகிறது. "அவன் கர்நாடகத்தில் இருக்கிறான், இனி என்ன செய்யமுடியும்?" என்று ஊரில் அவளுக்குச் சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை பெண்கள் வாழ்க்கையைத் தொலைத்திருக்கிறார்கள்! தோழர்களே, அந்த வாக்கியம் பொய்.

சட்டம் என்ன சொல்கிறது? தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி, மைனர் பிள்ளைகள், வயதான தாய் தந்தை ஆகியோரை, வசதியிருந்தும் கவனிக்காமல் விடுகிற ஆணை மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அந்த நீதிமன்றம் உத்தரவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் இது 488ஆம் பிரிவு. 1974 முதல் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று நம் வாயில் நுழையாத பெயர் சூட்டிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. 144 என்றால் நமக்குத் தெரிந்தது தடை உத்தரவு, கூட்டம் போடாதே என்று போலீஸ் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்வது. அந்தத் தடை உத்தரவு இப்போது 163ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. 144 ஜீவனாம்சத்துக்கு வந்துவிட்டது. எண் மாறியதே தவிர உரிமை மாறவில்லை. இதற்கு மதம் கிடையாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் ஒன்றே. விவாகரத்து ஆன பெண்ணும், மறுமணம் செய்துகொள்ளாத வரை, கேட்கலாம்.

எங்கே மனுப் போடுவது? நமக்கு முக்கியமான இடம் இதுதான். அவன் இருக்கும் ஜில்லாவில் போடலாம். அவள் வசிக்கும் ஜில்லாவில் போடலாம். இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலும் போடலாம். தாய்வீடு தர்மபுரியில் என்றால் தர்மபுரியில் போடலாம். உத்தரவான பிறகு அதன் நகலை அவளுக்குக் காசு வாங்காமல் கொடுக்கவேண்டும். அந்த உத்தரவை, அவன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே நிறைவேற்றலாம். தர்மபுரியில் வாங்கிய உத்தரவு கொள்ளேகால் கோர்ட்டில் செல்லும். சிமோகாவுக்குப் போனால் அங்கேயும் செல்லும். இங்கே கன்னடத்தில் எழுதவேண்டுமே என்று பயப்படவும் வேண்டாம். கன்னடத்திலும் இதற்குப் பெயர் ஜீவனாம்சம்தான்.

1956 நவம்பர் 1 வரை இந்தக் கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூர் ராஜ்யத்துக்கு வந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். கட்டிய மனைவிக்குச் சோறு போடும் கடமை கோடு மாறினால் மாறாது.

பழைய ஜில்லாவின் பெயரை எடுத்தது காரணமாகத்தான். கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கி டில்லிவரை போன ஒரு வழக்கு, வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கு, நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1986 செப்டம்பர் 14 அன்று தனக்குத் திருமணம் நடந்தது, இரண்டு மூன்று ஆண்டுகள் தன் தகப்பனார் வீட்டில் சேர்ந்து வாழ்ந்தோம், பிறகு அவர் விட்டுப் போய்விட்டார் என்பது அந்த அம்மாள் தரப்பு. அவர் இடைநிலை ஆசிரியர், மாதச் சம்பளம் பத்தாயிரம் ரூபாய் என்று மனுவில் எழுதியிருந்தார். கேட்ட ஜீவனாம்சம் எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய். சட்டத்தில் 2001 செப்டம்பர் வரை இருந்த உச்சவரம்பே அதுதான். அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் வரம்பை எடுத்தார்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் அந்த அம்மாள் ஜெயித்தார். ஐகோர்ட்டிலும் ஜெயித்தார். ஆனால் ஆசிரியர், தனக்கு 1980லேயே வேறொரு பெண்ணோடு திருமணமாகிவிட்டது என்று சொல்லி, ரேஷன் கார்டு நகல், மனைவியின் வாக்காளர் அட்டை, மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்திருந்தார். 2010 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம், அந்த முதல் மனைவியை விசாரிக்காமல் அவர் மனைவி இல்லை என்று முடிவுகட்டியது தவறு என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. இன்னொன்றும் சொன்னது: கைவிடப்பட்டு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு கழித்து 2001இல் மனுப் போட்டிருக்கிறார், இந்தத் தாமதத்துக்குத் தக்க விளக்கம் வேண்டும், இது சந்தேகத்தை எழுப்புகிறது.

பன்னிரண்டு ஆண்டு ஏன் பொறுத்தாள் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் ஒரே நிமிஷத்தில் பதில் சொல்வார்கள். இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று பொறுப்பாள். தம்பி கல்யாணம் முடியட்டும் என்று பொறுப்பாள். அந்தப் பொறுமையைக் கோர்ட்டு சந்தேகமாகப் பார்க்கிறது. அந்தத் தீர்ப்பில் இப்படிப்பட்ட பெண்களைக் குறிக்க ஒரு கேவலமான ஆங்கிலச் சொல்லும் விழுந்தது. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் உச்ச நீதிமன்றத்திலேயே அதைக் கண்டித்தார். நல்ல காரியம். ஆனால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பொறுத்திருக்காதீர்கள், காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்தக் காகிதம்? கல்யாணப் போட்டோ, பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு. நாம் பிழைக்க வந்தவர்கள். கார்டு ஊரில், ஆள் இங்கே, பெட்டி மாமியார் வீட்டில். வீட்டை விட்டுத் துரத்தும்போது எந்தப் பெண்ணும் ரேஷன் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புவதில்லை. அதனால் இன்றைக்கே, சண்டை இல்லாதபோதே, ஒரு நகல் எடுத்துத் தாய்வீட்டில் வையுங்கள். இதில் புருஷன்மார்கள் கோபிக்க ஒன்றுமில்லை. தீ விபத்துக்கும் வெள்ளத்துக்கும் உதவும் காகிதம்தான். இதெல்லாம் இல்லாவிட்டாலும் மனமுடைய வேண்டாம். ஜீவனாம்ச வழக்கில் திருமணத்தை மற்ற வழக்குகளைப் போலக் கறாராக நிரூபிக்கவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லியிருக்கிறது. முதல் கல்யாணத்தை மறைத்து ஏமாற்றிக் கட்டிக்கொண்டால், ஏமாந்த பெண்ணும் கேட்கலாம் என்று 2013இல் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. தாலி கட்டிப் பிறந்தாலும் கட்டாமல் பிறந்தாலும் தகப்பன் கொடுக்கவேண்டும்.

தொகை எவ்வளவு? சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று டீக்கடையில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயக் கணக்கு சட்டத்தில் இல்லை. அவனுடைய வருமானம், அவளுடைய தேவை, அவள் சம்பாதிப்பது, பிள்ளைகள், பெற்றோர் எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவு செய்கிறார். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு நல்ல காரியம் செய்தது. இருவரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடனைப் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தரவேண்டும் என்றது. ஜீவனாம்சம் தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்து சேரும் என்றது. வழக்கு மூன்று வருஷம் இழுத்தாலும் முதல் நாளிலிருந்து கணக்கு. ஆனால் மனுப் போடாத வருஷங்களுக்குக் கணக்கே இல்லை. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'கூடியவரை' என்ற சொல்லுக்குள் எத்தனை வாய்தா அடங்கும் என்பது கோர்ட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நம்மில் சம்பளச் சீட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்? குவாரியில் மேஸ்திரி நோட்டில் புள்ளி வைக்கிறான். கரும்பு வெட்டில் முன்பணம். ஆகவே அவன் கோர்ட்டில் நின்று "எனக்கு வேலையே இல்லை சாமி" என்று கையைக் கட்டிக்கொள்கிறான். திடகாத்திரமான ஆண், உடலுழைப்புச் செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட வேலை செய்கிற நாம்தான் அவன் வருமானத்துக்குச் சாட்சி. கட்டடத் தொழிலாளர் வாரிய அட்டை, வங்கிக் கணக்கு, போனில் பணம் வந்த கணக்கு எல்லாம் சாட்சி. அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியையும் கோர்ட்டுக்குக் காட்டலாம். சக தொழிலாளியைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு தோழர் சென்ற வாரம் கேட்டார். அவன் மனைவியும் கூலிக்காரிதான், தோழரே. அவளும் நம் வர்க்கம்தான்.

அவள் கூலிக்குப் போகிறாளே, பிறகு எதற்கு ஜீவனாம்சம் என்ற கேள்வியும் வருகிறது. வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ சம்பாதிக்கிறாள் என்பதால் மட்டும் அவள் உரிமை போகாது என்று 2007இல் தீர்ப்பு இருக்கிறது. நல்ல சம்பளம் வாங்குகிறாள் என்றால் குறையும், இல்லை என்றும் ஆகலாம். அது நியாயமே.

நம் முஸ்லிம் குடும்பத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தூர் ஷா பானு அம்மையாரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1932இல் மணம், 1975இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார், கணவர் வக்கீல். மாதம் 500 ரூபாய் கேட்டு 1978இல் மனுப் போட்டவருக்கு மாஜிஸ்திரேட் கொடுத்தது 25 ரூபாய். ஐகோர்ட் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் நாடு முழுக்கக் கொந்தளிப்பு, 1986இல் தனிச் சட்டம். அந்த அரசியலுக்குள் நாம் இப்போது போகவேண்டாம். 2024 ஜூலை 10 அன்று, விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பொதுப் பிரிவின் கீழ் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணம் கட்டாவிட்டால்? வாரண்டு. ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை. "ஜெயிலுக்குப் போய் வந்தாயிற்று, கடன் தீர்ந்தது" என்று சொல்லவும் முடியாது. சிறை என்பது வசூலிக்கும் வழியே தவிர வரவு வைப்பது அல்ல என்று 1988இல் தீர்ப்பாகியிருக்கிறது. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடவேண்டும். உத்தரவை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்து, இரண்டு வருஷம் கழித்து வந்தால் பழைய பாக்கிக்கு இந்த வாரண்டு கிடைக்காது. காலண்டரில் குறித்துவையுங்கள்.

ஆண்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. சம்மன் வந்தால் ஓடாதீர்கள். கதவில் ஒட்டிய சம்மனைக் கிழித்துப் போட்டு இடம் மாறுகிறவன்மேல் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகும். தக்க காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் அதை நீக்கச் சொல்லலாம், பிறகு கஷ்டம். கோர்ட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். கை ஒடிந்தது, குவாரி மூடியது என்றால் தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட இடமிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில், வழியற்ற கணவனும் மனைவியிடம் கேட்கலாம். "இந்தச் சட்டமே பெண்கள் பக்கம்" என்று கத்துகிற தம்பிகள், இதே 144ஆம் பிரிவில்தான் தங்கள் தாயும் கஞ்சிக்கு மனுப் போடமுடியும் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கொடுக்கவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். தாலுகா கோர்ட்டில் 'கானூனு சேவா சமிதி' என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் சட்டப்பணிகள் குழு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். தகட்டுக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு, ஒன்றுமே இல்லை.

இனி நம் முத்திரைத்தாளுக்கு வருவோம்.

அந்தப் பெண் இப்போது தர்மபுரியில் மனுப் போட்டிருக்கிறாள். மூத்த பிள்ளை பத்தாவது வந்துவிட்டது. அவன் தரப்பில் கோர்ட்டில் காட்டியிருப்பது என்ன? நாங்கள் எழுதிய காகிதம். புருஷனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "சங்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் சம்மதித்துப் பிரிந்தாள், ஆறு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது" என்கிறார்கள். நாம் அவளுக்குச் செய்த உதவி இது!

அவள் கேஸ் தோற்கவேண்டிய கேஸ் அல்ல. வருங்காலத்தில் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்று பல ஐகோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. பிள்ளைகளின் உரிமையை எழுதிக் கொடுக்கத் தாய்க்கே அதிகாரமில்லை. புருஷன் வேறொருத்தியைக் கட்டினாலோ வைத்துக்கொண்டாலோ, அவனோடு வாழ மறுக்க அவளுக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. நம் முத்திரைத்தாள் விவாகரத்தும் அல்ல. தீர்த்துவிடும் வழக்கம் பரம்பரையாக உள்ள சாதியில் அந்த வழக்கத்தை நிரூபித்தால் செல்லும். மற்றபடி நோட்டரி முத்திரை குத்தினாலும் கல்யாணம் அறுந்துபோகாது. முறைப்படி கோர்ட்டில் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கிய பெண்ணுக்கோ அந்தத் தடை வரியே பொருந்தாது. அது 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

கேட்டால் எல்லாம் சுலபம்போல் இருக்கிறது. ஆனால் இதை ஒவ்வொன்றாக அவள் கோர்ட்டில் நிலைநாட்டவேண்டும். அவள் சம்மதித்தாளா, அல்லது பிள்ளைகள் பசியில் அழ, ஆறு ஆண்கள் சுற்றி உட்கார்ந்து "கிடைத்ததை வாங்கிக்கொள் தாயி" என்று சொன்னதால் கட்டைவிரலை நீட்டினாளா? இதைச் சொல்லக்கூடியவர்கள் அன்று அங்கே இருந்தவர்கள் மட்டுமே.

எனவே செயற்குழு இரண்டு முடிவுகளை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, இனிமேல் சங்கக் கொட்டகையில் புருஷன் மனைவி பிரிவினைக்குக் காகிதம் எழுதுவதில்லை. பேசிச் சேர்த்துவைக்க முடிந்தால் சேர்ப்போம். இல்லையென்றால் மனு எழுதக் கூடவே போவோம். இரண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் இரண்டு பேர் அடுத்த வாய்தாவுக்குத் தர்மபுரி போய், அன்று ராத்திரி நடந்ததை நடந்தபடி கூண்டில் ஏறிச் சொல்கிறோம். போகவர பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் ஆகும். அதை அந்தப் பெண்ணிடம் வாங்கக் கூடாது. சங்க நிதியிலிருந்து எடுப்பதா, நாங்கள் ஆறு பேரும் கையிலிருந்து போடுவதா என்பதை இந்தக் கூட்டம் சொல்லட்டும். தாய்மார்கள் முதலில் பேசுங்கள்.